என் காதுக்கு ஏற்ற மணி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கச் சொன்னாலே பின் வரிசைக்குப் போய்விடுவேன். எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இந்தப் பக்கத்தில் ஐந்தாவது கிழமையாக என் பெயரைப் பார்க்கும்போது, வேறு யாருக்கோ போட்ட நாற்காலியில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டதுபோல இருக்கிறது. எழும்பச் சொன்னால் எழும்பிவிடுவேன்.

ஆனால் கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பருந்தின் காலில் எதற்கு மணி? அது காணாமல் போகிற மாடா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்வதானால் நான் சொன்ன ஒரு பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் இரண்டு கிழமை தள்ளிப்போட்டேன்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு சொல். தெற்கு லண்டனில் ரயில்களைக் கழுவித் திருத்துகிற ஒரு பணிமனையில் நான் புறா விரட்டுகிறேன். புறாவின் எச்சம் ரயிலின் மேலும் ஆட்களின் மேலும் விழாமல் இருக்க, கிழமையில் ஐந்து காலை பருந்து பறக்க விடுவது என் வேலை. முன்பு அதே பணிமனையில் துப்பரவு வேலை செய்தேன். அங்கிருந்து இங்கே எப்படி வந்தேன் என்பதைப் போன கிழமை எழுதிவிட்டேன். பருந்தின் பெயர் ராசாத்தி. கம்பனிக் கடதாசியில் அவளுக்கு வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் என் கைக்கு வரமாட்டாள்.

தலைக்கு மேலே

ஒரு மாரிகாலக் காலை. பணிமனைக் கூடத்தின் கதவுகள் திறந்திருந்தன. உள்ளே எண்ணெய் மணமும் ஈர இரும்பின் மணமும். ராசாத்தி என் கையுறையில் இருந்து கிளம்பி மூன்றாவது ரயில் பாதைக்கு மேலே போனாள். புறாக்கள் கலைந்தன. அவ்வளவுதான், ஆளைக் காணவில்லை.

நான் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். கூரையின் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். விசில் அடித்தேன். இறைச்சித் துண்டைத் தூக்கிக் காட்டினேன். கால் மணி நேரம் இருக்கும்.

வின்ஸ்டன் என்று ஒரு மின்சார வேலைக்காரர் அங்கே இருந்தார். ஜமேக்காவில் பிறந்தவர், வாய் நிறையப் பகிடி. (இங்கே ஆங்கிலத்தில் நடந்த பேச்சையெல்லாம் நான் என்னுடைய தமிழில்தான் எழுதுகிறேன். அவர்கள் மன்னிக்க வேண்டும்.)

"ரெஜினா, ஆரைத் தேடுறீங்கள்?"

"பறவையை."

"விளையாடுறீங்களோ? உங்கட தலைக்கு நேர மேல இருந்து கிலுகிலு எண்டு அடிக்குதே."

நிமிர்ந்து பார்த்தேன். என் தலைக்கு நேர் மேலே, விளக்குக் கூட்டின் பின்னால், ராசாத்தி வாலை ஆட்டிக்கொண்டு இருந்தாள். வாலில் மணி இருந்தது. ஆடுவது கண்ணுக்குத் தெரிந்தது. சத்தம் இல்லை.

"ஓம் ஓம், கண்டனான். சும்மா அவளைப் பழக்கினனான்," என்று வின்ஸ்டனிடம் சொன்னேன்.

அதுதான் முதல் பொய்.

மணி சொல்கிற சேதி

செவன் கிங்ஸ் அக்காவுக்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பறக்க விடுகிற பறவைக்கு இரண்டு மணி கட்டுவோம். ஒன்று காலில், மெல்லிய தோல் வாரில். மற்றது வால் இறகின் அடியில். இரண்டும் ஒரே சுருதியில் இருக்கக்கூடாது. கொஞ்சம் பிசகி இருந்தால்தான் தூரத்தில் காது பிரித்துப் பிடிக்கும். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். நல்லவை பாகிஸ்தானில் லாகூர்ப் பக்கம் கையால் செய்து வருகின்றன.

பழகிய காதுக்கு அந்த மணி ஒரு சேதிக்காரன். விடாமல் அடித்தால் பறக்கிறாள். இரண்டு தரம் அடித்து நின்றால் போய் இருந்துவிட்டாள், வாலை ஆட்டினாள். விட்டு விட்டு இழுபட்டு அடித்தால் ஏதோ ஒன்றைப் பிடித்துத் தரையில் வைத்து இறகு பிடுங்குகிறாள்.

கடைசியாகச் சொன்னதுதான் எங்கள் இடத்தில் முக்கியம். கூடத்துக்கு வெளியே உள்ள பாதைகளில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பி ஓடும். அதில் மின்சாரம். பருந்து புறாவோடு அங்கே இறங்கிவிட்டால் கம்பியில் செட்டை படலாம், அல்லது ரயில் வரலாம். இழுபட்ட மணி கேட்ட உடனே ஓட வேண்டும்.

அவளின் முதுகில் சிறிய ஒலிபரப்பியும் உண்டு. வெட்டவெளியில் நல்ல சாமான். இரும்புக் கூடத்துக்குள் அதன் அலை நாலு பக்கமும் மோதித் திரும்பும். எந்தப் பக்கம் பார்த்தாலும் பறவை அங்கேதான் இருப்பதாகச் சொல்லும்.

ஆகவே மணிதான் எல்லாம். எனக்கோ மணி கேட்கவில்லை.

ஓம் என்கிற பழக்கம்

லண்டனுக்கு வந்த புதிதில் பதினொரு வருடம் ஒரு பெரிய சலவை ஆலையில் வேலை செய்தேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலைபோல வரும். இயந்திரங்கள் இரைகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவளின் வாய் அசைவைப் பார்த்துத்தான் பேசுவோம். காதுக்கு அடைப்பான் தந்தார்கள். குறை சொல்லக்கூடாது. கடிக்கிறது என்று கழற்றிப் பையில் போட்டவள் நான்.

பேச்சு எனக்கு நன்றாகக் கேட்கும். மெல்லிய கீச்சுச் சத்தங்கள்தான் ஒவ்வொன்றாகப் போய்விட்டிருக்கின்றன, நான் கவனிக்காமல். அடுப்பின் மணி அடித்து அடித்து ரொட்டி கருகும். "உமக்குக் கேக்கேல்லையே?" என்று இவர், என் வீட்டுக்காரர், கேட்பார். "போனில கதைச்சுக்கொண்டு நிண்டனான்," என்பேன்.

ராசாத்தியின் மணிகள் கெய்லி என்ற பெண் கட்டியவை. எனக்கு முன்னால் பறவையை வைத்திருந்தவள். இருபத்து மூன்று வயது, எலி நடப்பது கேட்கிற காது. சின்ன மணிகள், ஊசிபோல் மெல்லிய சத்தம். கெய்லி ஸ்கொட்லாந்துக்குப் போனபோது பறவையும் கையுறையும் மணியும் ஒன்றாக என்னிடம் வந்தன. பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் போட்ட சங்கிலி மாதிரி, மணியும் பறவைக்கே உரியது என்று நினைத்தேன். அதை மாற்றலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் கம்பனி முதலாளி டெரிக். ஏழு பறவைகள், ஐந்து ஆட்கள், ஒரு வான். அறுபது வயதுக்காரர். மாதம் ஒருமுறை பணிமனைக்கு வருவார். பறவையை நிறுத்துப் பார்ப்பார், கால்களைப் பார்ப்பார். பிறகு என்னிடம் கேட்பார்:

"மணி வடிவாக் கேக்குதா?"

"ஓம்."

என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். யாராவது பெரியவர் ஏதாவது கேட்டால் என் வாயில் முதலில் வருவது ஓம்தான். டெரிக்கிடம் இல்லை என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குள் ஒரு முடிவு இருந்தது. காது போனவளிடம் பறவையைக் கொடுக்கமாட்டார்கள். ராசாத்தியை வேறொருவரின் கைக்கு மாற்றுவார்கள். நான் திரும்பவும் வாளியும் துடைப்பானும்.

வேலையைவிட அவளைத்தான் நினைத்தேன். வெயில் படுகிற காலைகளில் ஒற்றைக் காலை மடித்துக்கொண்டு என் கையிலேயே கண்ணை மூடுவாள். அந்த நம்பிக்கையை எனக்கு வேறு யாரும் தந்ததில்லை என்று எழுதினால் இவர் கோபிப்பார். ஆனாலும் எழுதுகிறேன்.

அதனால் கண்ணை வைத்துச் சமாளித்தேன். பருந்து எங்கே என்று புறாக்களுக்குத் தெரியும். ஒரு சட்டத்தில் இருந்து எல்லாப் புறாவும் எழும்பினால் அவள் அதற்குப் பின்னால். எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் அவள் அந்தப் பக்கம். ஏறக்குறைய ஒரு வருடம் இப்படி ஓட்டினேன்.

குசினியில் கேட்டது

இடையில் ஒரு முட்டாள்வேலை பார்த்தேன். மணி கேட்காவிட்டால் பெரிய மணி வாங்கினால் சரி என்று நினைத்தேன். டெரிக்குக்குத் தெரியாமல் இணையத்தில் நாலு சோடி எடுத்தேன். எங்கள் வீடு டூட்டிங்கில், கடை ஒன்றுக்கு மேலே. இரவுச் சாப்பாட்டுக்கு முன் இவரைக் கூடத்தில் நிறுத்தினேன். கையில் மணி. நான் குசினியில், அடுப்புச் சுவரைப் பார்த்தபடி.

இவர் தபால் வேலைக்காரர். எதையும் ஒழுங்காகச் செய்வார், ஆனால் வாய் சும்மா இராது.

"ஒண்டு. கேக்குதோ?"

"இல்லை."

"ரெண்டு."

"கொஞ்சம்."

"கீழ்க் கடைச் சனம் பூசையில எழுந்தேற்ற மணி அடிக்குதெண்டு முழந்தாளில நிக்கப் போகுதுகள். மூண்டு."

"கேக்குது! வடிவாக் கேக்குது!"

அது கனத்த, ஆழமான சத்தம். கேட்டபோது கண் கலங்கிவிட்டது. ஒரு வருடத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரு குரல்.

"இதைப் பறவைக்குக் கட்டப் போறீரோ, எருமைக்கோ?" என்றார் இவர்.

அடுத்த திங்கள் அதைக் கட்டினேன். பணிமனையில் ரயில்களின் அடிவயிற்றில் இருந்து எப்போதும் ஓர் உறுமல் வரும். அந்த ஆழமான மணி உறுமலுக்குள் விழுந்து காணாமல் போனது. குசினியில் ரயில் இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

நில்லுங்கோ

அந்தக் கிழமையே நடந்தது.

கூடத்தின் வாசலில் நின்றேன். ராசாத்தி வெளியே போனாள், திரும்பவில்லை. ஒரு ரயில் கழுவுமிடத்தில் இருந்து மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது. கூரையில் இருந்த புறாக்கள் எழும்பின, ஆனால் திரும்பவும் வந்து இருக்கவில்லை. சுற்றிச் சுற்றிப் பறந்தன. பிறகு ஒரு சாம்பல் இறகு. இன்னொன்று. ரயில் வருகிற பாதையின் மேலே, காற்றில்.

தரையில் இருக்கிறாள்.

இடுப்பில் இருந்த வோக்கி டோக்கியை எடுத்துப் பொத்தானை அமத்தினேன். அதில் பேசுவதென்றாலே எனக்கு வியர்க்கும். எல்லாருக்கும் கேட்குமே. அன்றைக்கு என்ன மொழி என்றுகூடப் பார்க்கவில்லை.

"நில்லுங்கோ! நில்லுங்கோ! ஸ்டொப்! எல்லாரும் நில்லுங்கோ!"

ரயில் கிறீச்சிட்டு நின்றது. இரண்டு ஆள் நீளம் தள்ளி, தண்டவாளங்களுக்கு நடுவில், ராசாத்தி செட்டையை விரித்துப் புறாவை மூடிக்கொண்டு நின்றாள். தலையை நிமிர்த்தி ரயிலைப் பார்த்தாள், அது அவளுடைய புறாவுக்கு வந்த போட்டி என்பதுபோல.

மின்சாரத்தை நிறுத்தும்வரை நான் போகக்கூடாது. வின்ஸ்டன்தான் ஓடிப்போய் அதற்கான வேலையைச் செய்தார். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதும் போனேன். இறைச்சித் துண்டைக் கையுறையில் வைத்து நீட்டினேன். ஏறினாள்.

அரை மணி நேரம் பணிமனை முழுக்க நின்றுவிட்டது. மேற்பார்வையாளர் டெரிக்கைக் கூப்பிட்டார்.

டெரிக்கிடம் சொன்னது

வானுக்குள் உட்கார்ந்திருந்தோம். ராசாத்தி பின்னால் தன் பெட்டியில். வெளியே மழை தூறியது. நான் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன், திருப்பிக் கொடுக்க வசதியாக.

"டெரிக், எனக்கு மணி கேக்கிறதில்லை."

"இண்டைக்கோ?"

"ஒரு நாளும் வடிவாக் கேட்டதில்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் மாதா மாதம் கேட்டனானே?"

"ஓம்."

"நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம்."

"இப்பவும் அதைத்தான் சொல்லுறீங்கள்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ரெஜினா, நான் பறக்க விடுற பறவையின்ர மணியைக் கேட்டிருக்கிறீங்கள்தானே? எப்படி இருக்கும்?"

சொல்லக் கூச்சமாக இருந்தது. "தகரப் பேணியில தட்டின மாதிரி. பழசாப் போச்சுது எண்டு நினைச்சன்."

"பழசாப் போனது மணி இல்லை. என்ர காது. நாப்பது வயதிலேயே கீச்சுச் சத்தமெல்லாம் போயிட்டுது. மணியால பறவைக்கு என்ன பிரயோசனம்? அது ஆளுக்குத்தான் கட்டுறது. ஆள் மாறினால் மணியும் மாறும். நான் கேட்டது பறவையைப் பற்றி இல்லை, உங்களைப் பற்றி."

"என்னை வேலையால நிப்பாட்டுவீங்கள் எண்டு நினைச்சன்."

"இண்டைக்கு ஒரு ரயிலை நிப்பாட்டின ஆளை நான் எப்படி நிப்பாட்டுறது?"

பிறகு கண்ணாடியைத் திரும்பவும் மாட்டிக்கொண்டார். சிரிப்பும் போய்விட்டது. "ஆனால் இன்னொருக்கா எனக்கு இப்படி ஓம் சொல்லாதேங்கோ. அவள் செத்திருப்பாள்," என்றார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் மறந்திருப்பேன்.

ஒரு மட்டைத் துண்டை எடுத்து இரண்டு கோடு போட்டார். கீழ்க்கோட்டுக்குக் கீழே ரயிலின் உறுமல். மேற்கோட்டுக்கு மேலே என் காது போகாத இடம். நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை. "உங்கட மணி இதுக்குள்ள இருக்கு. தேடுவம்."

கையைத் தூக்கின காலை

இரண்டு நாளில் டெரிக் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். முப்பது மணிக்குக் குறையாது. இவருக்கு அன்று லீவு. ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணியோடு கூடவே வந்தார். அவருக்கும் செம்மஞ்சள் அங்கி கொடுத்துப் பாதுகாப்பு விதிகளை வாசித்துக் காட்டினார்கள்.

டெரிக் மேலே பராமரிப்புப் பாலத்தில் ஏறினார். தூண்டில் தடி ஒன்றின் நுனியில் மணியைக் கட்டி ஆட்டுவார். நான் கீழே, அவருக்கு முதுகைக் காட்டியபடி. கேட்டால் கையைத் தூக்க வேண்டும். இவர் மேலே பார்த்துக்கொண்டு கடதாசியில் குறிப்பார். ரயில்கள் வழக்கம்போல உறுமிக்கொண்டிருந்தன. இந்தமுறை குசினி இல்லை.

முதலாவதற்குக் கையைத் தூக்கினேன். இரண்டாவதற்கும். மூன்றாவதற்கும்.

"இஞ்சாரும்," என்றார் இவர் மெதுவாக, "அந்தாள் இப்ப மூக்கைச் சொறியிறார். நீர் கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறீர்."

"கேட்ட மாதிரி இருந்துது."

"மூக்குச் சொறியிறதோ?"

பாவம் டெரிக், மழையில் இவ்வளவு தூரம் வந்து, ஏணியில் ஏறி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அவருக்காக ஒன்றாவது கேட்க வேண்டும் என்று என் கை தானாக எழும்பியிருக்கிறது. முதல் மூன்றில் எதுவுமே எனக்குக் கேட்கவில்லை.

இவர் பகிடியை விட்டுவிட்டார். என் பக்கத்தில் வந்து நின்றார். "ரெஜி, ஒருத்தரும் கோவிக்கமாட்டினம். கேக்காட்டில் கேக்கேல்லை எண்டு வாயால சொல்லும். கையை விடும்."

திரும்பவும் ஆரம்பித்தோம்.

"கேக்கேல்லை," என்றேன். என் குரல் எனக்கே விசித்திரமாக இருந்தது.

"கேக்கேல்லை."

"கேக்கேல்லை."

தேத்தண்ணி நேரத்துக்கு வந்த வேலைக்காரர்கள் வாசலில் கூடி நின்றார்கள். வின்ஸ்டன் எல்லாரையும் வாயைப் பொத்தச் சொன்னார். என் முதுகை இத்தனை பேர் பார்ப்பது தெரிந்தும் நான் சொல்லிக்கொண்டே போனேன். கேக்கேல்லை, கேக்கேல்லை. ஒவ்வொரு தரமும் கொஞ்சம் பாரம் இறங்கியது. பத்தொன்பதுவரை எண்ணினேன் என்று நினைக்கிறேன்.

பிறகு, உறுமலுக்கு மேலே, கண்ணாடிக் குவளையைக் கரண்டியால் தட்டினதுபோல ஒன்று. இடது பக்கம், உயரத்தில். எங்கே என்றுகூடத் தெரிந்தது.

திரும்பாமலே கையை நீட்டிக் காட்டினேன். "அங்க."

"அங்கதான்!" என்றார் இவர்.

அது வாலுக்கு. காலுக்கு அதைவிட ஒரு படி கீழான இன்னொன்றை எடுத்தோம். இரண்டையும் சேர்த்து ஆட்டியபோது வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஆனால் சந்தோஷம்.

இன்றைக்கும் யாருக்கு நன்றி சொல்வது என்று வரிசைப்படுத்தத் தெரியவில்லை. மூக்கைச் சொறிந்துவிட்டு இத்தனை மணியையும் ஆட்டிய டெரிக்குக்கு. ஓடிய வின்ஸ்டனுக்கு. ஒரு நாள் லீவைச் செலவழித்து என் கையைக் கீழே இறக்கிய இவருக்கு. காது குறைந்தவளைப் பார்த்துச் சிரிக்காமல் நின்ற அந்த இருபது பேருக்கு.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ராசாத்தியை முதல் மூன்று பாதைகளில் பறக்க விட்டேன். நாலாவதில், காற்றமுக்கி இயந்திரம் இரைந்து ஓடுகிற பக்கம், புது மணியும் எனக்குக் கேட்கவில்லை. அதை மேற்பார்வையாளரிடம் சொல்லி, அவருடைய கடதாசியில் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். அந்தப் பக்கத்தை இன்றுவரை வேறொருவர் பார்க்கிறார். பத்து மணிக்கு மழை பிடித்தது, ராசாத்தியைப் பெட்டியில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.